மலைக்குக் கொண்டுபோன கத்திகள்

போன வருஷம் அந்த வீட்டிலிருந்த கத்தி
தக்காளியை வெட்டவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
அதன் மேல் உட்கார்ந்துவிட்டது.

ஆகவே இந்த முறை
துணிமணிக்கு முன்னால் கத்திகளைக் கட்டினேன்.
பெரியதற்குக்
காலண்டர் அட்டையை மடித்து உறை,
மேலே மூன்று ரப்பர் பேண்டு.
நடுவிலானதை ஈரிழைத் துண்டில் சுருட்டினேன்.
இஞ்சி சீவுகிற சின்னது
அவருடைய படிக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள்
அளவெடுத்தது போல அடங்கிற்று.
கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டும் வரை
கண்ணாடி எங்கே கண்ணாடி எங்கே என்று
சட்டைப்பையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

அடிவாரச் சோதனைச் சாவடியில்
பாட்டில் தேடிய போலீஸ்காரருக்குக்
கத்தி கிடைத்தது.
"எதுக்கும்மா இது?"
"சௌசௌவுக்கு."
"ஏன், மேல கிடைக்காதா?"
"கிடைக்கும். வெட்டாது."
உறையை உருவிக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார்.
புருவம் உயர்ந்தது.
திருப்பித் தரும்போது கையில் தரவில்லை,
பானெட் மேல் வைத்து
எடுத்துக்குங்க என்றார்.
கையில் கொடுத்தால் சண்டை வரும்.
காக்கிச் சட்டைக்கும் தெரிந்திருக்கிறது.

சண்டைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.
அம்மாப்பேட்டை வீட்டை நான்காகப் பிரிக்க வேண்டும்.
எங்கள் நான்கு பேரில் எவர் வீட்டில் கூடினாலும்
மற்ற மூவருக்குத் தண்ணீர் இறங்காது.
அதனால் யார் வீடுமில்லாத ஒரு வீடு,
காப்பித் தோட்டத்துக்குள்,
நாளைக்கு ஐயாயிரம், வரி தனி.

இருபது கொண்டை ஊசிக்கும்
பையை மடியில் அணைத்துக்கொண்டேன்.
கைக்குழந்தை மாதிரி என்றார் அவர்.
குழந்தையென்றால் பத்தாவது வளைவில் வாந்தி எடுத்திருக்கும்.

சமையலறை நான் நினைத்தபடியே.
ஏழு கரண்டி.
எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத ஒரு மூடி.
நல்ல கத்தியை மழுக்குவதற்கென்றே செய்த
கண்ணாடிப் பலகை.
(சப்பாத்திக் கட்டையையும் கொண்டுவந்திருந்தேன், சொல்லவில்லையே.)
மஞ்சள் பிடிக் கத்தி
போன வருஷத்து அதே ஆணியில்.

கூடத்தில் சிவகுருநாதன் அண்ணன்
சர்வே நம்பர் வாசித்தார்.
நான் வெங்காயம் நறுக்கினேன்.
நல்ல கத்தியில் வெங்காயம் கண்ணைக் கரிக்காது.
அன்று கரித்தது.
குறிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை.
ஜன்னலுக்கு வெளியே மிளகுக்கொடி,
அதற்கப்பால் பனி,
பனிக்குள் ஏதோ மூச்சு விட்டது,
காட்டெருமையாக இருக்கலாம்.

இரண்டாம் நாள் மத்தியானம்
பூங்கோதை உள்ளே வந்தாள்.
என் தங்கை. இரண்டு வருஷமாய்ப் பேசாதவள்.
அப்போதும் பேசவில்லை.
ஒரு பட்டர் ஃப்ரூட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றாள்.
பிறகு கை நீட்டினாள்.
சின்னக் கத்தியைக் கீழே வைக்க இடம் தேடினேன்.
மேடையெங்கும் தோல், விதை, ஈரம்.
"குடு" என்றாள்,
"இனிமேலா வரப்போகுது?"

பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.
சுற்றி ஒரு கீறல், ஒரு திருகல்.
கொட்டையை நெம்பி எறிந்து
உப்புத் தூவிப் பாதியை என் பக்கம் தள்ளினாள்.
அது பெரிய பாதியாக இருந்திருக்கலாம்.
நாங்கள் அளக்கவில்லை.

வீடு இன்னும் பிரியவில்லை.
வடக்குச் சுவர் யாருக்கு என்பதில் நிற்கிறது.
கண்ணாடிப் பெட்டி அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.
அதிலிருந்த கத்தி
பூங்கோதை பையில் இருக்கும்.
கேட்க மாட்டேன்.

கடைசி நாள் காலை
எல்லோரும் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
மஞ்சள் பிடிக் கத்தியை ஆணியிலிருந்து எடுத்தேன்.
ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து
மெருகேறாத அடி வளையத்தில்
இந்தப் பக்கம் இருபது,
அந்தப் பக்கம் இருபது.
போதாது. இன்னும் இருபது.
காகிதம் தேடியபோது கையில் அகப்பட்டது
பாகப் பத்திர நகல்.
ஓரத்தில் சத்தமில்லாமல் இறங்கியது கத்தி.

அறுந்த துண்டில் எழுதி
அதே ஆணியில் குத்திவிட்டு வந்தேன்,
அடுத்து வந்து தங்குகிறவர்களுக்கு:

கவனம். இப்போது வெட்டும்.